இராசாத்தியின் கிணறும் மிச்சப் பாட்டும்

குருக்கள்மடத்தில் இராசாத்தியின் கிணறு 1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பைலா ஆட்டப் பாட்டுக்கு இரண்டு வளையம் இறங்கியது. அடுத்து வந்த டப்பாங்குத்துக்கு ஒரு வளையம் ஏறியது. அவளுடைய கணவன் தங்கராசா அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். கல்முனை வீதியைப் பார்த்த முன்னறையில் அவன் கசெட்டில் பாட்டுப் பதிந்து விற்கும் ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தான். குளிக்கும்போதும் பாட்டு வேண்டும் என்று பின்வளவு முருங்கையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிவைத்திருந்தான். தலை நிறையச் சவர்க்காரத்தோடு வாளியை விட்டபோது கயிறு எட்டவில்லை. பாட்டு மாறியதும் கயிறு மிஞ்சியது. கண்ணெரிச்சலில் அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கல்யாண வீடுகளில் பைலாவைச் சீண்டுவாரில்லாமல் போய், களுதாவளையிலிருந்து கல்லாறு வரை டப்பாங்குத்தே கேட்கத் தொடங்கியபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. கிணற்றுக்குள் இறங்கிப் பன்னிரண்டு சீமெந்து வளையங்களிலும் அடியிலிருந்து மேலாக ஒன்று, இரண்டு என்று வெள்ளைப் பெயின்டால் இலக்கம் எழுதினான். பாட்டில்லாத நேரத்தில் தண்ணீர் ஆறில் நிற்கும். மக்கள் அடுத்து விரும்பப்போகும் வகைக்கு ஏறும். வெறுக்கப்போகும் வகைக்கு இறங்கும். தனிப்பாட்டுகளைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. வகையைத்தான் அது பார்த்தது. இதை எழுதுகிறவன் அளந்து பார்த்தவன் அல்ல, அளந்தவர்களோடு தேநீர் குடித்தவன். ஆனாலும் பெயின்ட் இலக்கங்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கிணறு தங்கராசாவுடையது அல்ல. அவன் கரடியனாற்றில் பிறந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு மனைவி வீட்டுக்கு வந்தவன். வீடும் வளவும் கிணறும் இராசாத்திக்கு அவளுடைய தாய் கொடுத்த சீதனம். அவளுக்குப் பிறகு ஒரே மகள் யசோதினிக்குப் போவது. பெயரெல்லாம் தங்கராசாவுக்கு வந்ததில் இராசாத்திக்கு லேசான கடுப்பு இருந்தது. பாட்டுப் போடுவதென்றால் முதலில் சமையலுக்கு இரண்டு குடம் அள்ளித் தந்துவிட்டுப் போடவேண்டும் என்று அவள் சட்டம் வைத்திருந்தாள். ஒருமுறை அவன் மறந்துபோய்ப் பழைய பொப் பாட்டொன்றைப் போட, தண்ணீர் கீழே போய், உலையில் அரிசி போட்ட கையோடு அவள் நிற்கவேண்டி வந்தது. அன்று அவன்தான் அயல்வளவிலிருந்து இரண்டு குடம் சுமந்து வந்தான்.

காத்தான்குடி முகைதீன்பாவா மாதம் ஒருதரம் தன்னுடைய வான் வண்டியில் வருவார். வெற்றுக் கசெட்டுகளையும் கொழும்பிலிருந்து வரும் புதுப் பாட்டுகளையும் கரையோரக் கடைகளுக்கெல்லாம் விற்றவர் அவர்தான். தங்கராசா சொன்ன வகையை ஏற்றிக்கொண்டு, சொல்லாததை விட்டுவிடுவார். இந்தச் செய்தி கிடைக்காத மற்ற வியாபாரிகள் மெலடியை வாங்கிக் குவித்துத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருந்த ஆண்டில் பாவாவின் வான் நிறையக் கானாப் பாட்டு இருந்தது. நோன்பு காலத்தில் அவர் கொண்டுவரும் இஸ்லாமிய கீதங்களையும் வைகாசிச் சடங்குக்குப் போடும் அம்மன் பாட்டுகளையும் கிணறு ஒரே மரியாதையோடுதான் நடத்தியது; இரண்டுக்கும் பருவத்தில் ஏறி, பருவம் முடிய இறங்கியது. ஏறாமலும் இறங்காமலும் தண்ணீர் நிற்கிற வகை ஒன்று கிடைத்தால் அதை மட்டும் வைத்தே காலம் தள்ளலாம் என்பது பாவாவின் ஆசை. நாலைந்து வருடம் தேடினார்கள். நாதஸ்வரம், பறை, பள்ளிக்கூடக் கும்மி, மீன்காரனின் கூவல்கூட வைத்துப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு விரற்கடையாவது அது அசையாமல் இருந்ததில்லை. களுதாவளை விஞ்ஞான வாத்தியார் ஒருவர் இது வாவியின் வற்றுப்பெருக்கு என்று விளக்க வந்தார். அவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று அளக்கும்போது கடையில் யாரோ புதுப் பாட்டொன்றைப் போட, கொப்பியோடு நனைந்து போனார்.

கடையின் வேலை இப்படி. ஆட்கள் விருப்பமான பாட்டுகளைக் கடதாசியில் எழுதித் தருவார்கள். அதைப் பார்த்து வெற்றுக் கசெட்டில் பதியவேண்டும். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் எப்போதும் ஒன்றிரண்டு நிமிடம் மிஞ்சும். முழுப் பாட்டு அதற்குள் கொள்ளாது. மற்ற கடைக்காரர்கள் ஏதாவது பாட்டைப் போட்டு, நாடா முடிகிற இடத்தில் கழுத்தை அறுத்துவிடுவார்கள். யசோதினிக்குப் பதின்மூன்று வயதாகிப் பதிவு வேலைக்கு வந்து உட்கார்ந்தபோது அது அவளுக்குப் பொறுக்கவில்லை. மிச்ச நாடாவில் தானே பாடி நிரப்பினாள். யாரும் எழுதிய பாட்டல்ல. அந்த நேரத்தில் கடைக்கு முன்னால் நடப்பதை அவளே ஒரு மெட்டில் போட்டுவிடுவாள். மா இடிக்கப் போன அம்மா வரவில்லை என்று ஒன்று, லொறியில் போகிற ஆட்டுக்கு எங்கே போகிறோம் என்று தெரியவில்லை என்று ஒன்று. பாடிக்கொண்டிருக்கும்போதே நாடா முடிந்து ‘டக்’ என்று நிற்கும். வாங்கிப்போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிப் பாட்டு முடிந்ததும் நாடாவைத் திருப்பிவிட்டபடியால், தங்கள் வீட்டு அலுமாரிக்குள் யசோதினியின் குரல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தங்கராசாவும் அதைக் கிணற்றுக்கு வைத்துப் பார்க்கவில்லை. அது ஒரு வகை என்று அவனுக்குத் தோன்றவில்லை.

2001இல் வீட்டுக்கு ஓர் ஆள் என்று இயக்கத்தார் கேட்டு வந்தார்கள். யசோதினிக்குப் பதினேழு வயது. அம்பிளாந்துறைக்குப் போகும் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். இராசாத்தி கரையில் நின்று, பாதை மறுகரையில் முட்டி ஆட்கள் இறங்கி, அது வெறுமையாகத் திரும்பி வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடக்கூடியவள் என்றபடியால் பிள்ளையைக் கலைக்குழுவில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் அக்கரையிலிருந்து ஒரு கசெட் வந்தது: ஐந்து பெண்கள் சேர்ந்து பாடும் இயக்கப் பாட்டு. மூன்றாவது குரல் தன்னுடைய பிள்ளையுடையது என்று இராசாத்தி சொன்னாள். அந்தக் கசெட்டை முருங்கை மரத்து ஸ்பீக்கரில் போடக்கூடாது என்று புருசனும் பெண்சாதியும் பேசாமலேயே முடிவு செய்தார்கள். ஒரு வகைப் பாட்டு இறங்குமென்றால் அதைப் பாடுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்க அவர்களுக்குத் தைரியம் இல்லை. 2004 சித்திரையில் கிழக்கில் இயக்கம் இரண்டாகி, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பியபோது யசோதினி வன்னியில் இருந்தாள். பாதை ஒவ்வொரு தரமும் இக்கரைக்கு வரும்போது இராசாத்தி போய் நின்றாள். பதினாறு நாள் போய் நின்றாள்.

அந்த வருடம் மார்கழி 24ஆம் திகதி, கிறிஸ்மஸுக்கு முதல்நாள், தைப்பொங்கலுக்கு எதை ஏற்றலாம் என்று பார்க்கத் தங்கராசா பாட்டுகளை வரிசையாகப் போட்டான். பக்திப் பாட்டுக்குத் தண்ணீர் இறங்கியது. சினிமாவுக்கும் பைலாவுக்கும் இறங்கியது. யுத்தநிறுத்தத்தோடு வந்து இளசுகளைப் பைத்தியமாக்கியிருந்த றப்புக்கும், இஸ்லாமிய கீதத்துக்கும், கிறிஸ்மஸ் பாட்டுக்கும் இறங்கியது. முதலாம் வளையத்துக்குக் கீழே போய் நின்றது. ஸ்பீக்கரில் பிழை என்று அவன் வயரைக் கழற்றிப் பூட்டினான். பாவாவிடம், இந்த முறை ஒன்றும் வேண்டாம், எல்லாமே இறங்குகிறது என்றான். பாவா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“எல்லாமே இறங்கினா மனிசன் என்னத்தத்தான் தம்பி கேப்பான்?”

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. எங்கள் பக்கத்தில் போனவர்களின் பெயர்கள் வேறொரு கொப்பியில் இருக்கின்றன; அதை இங்கே திறக்கவில்லை. அதன்பிறகு நாற்பது நாளும் அதற்கு மேலும் கரையில் ஒரு ஸ்பீக்கரும் பேசவில்லை. கிணறு சொன்னது சரிதான். சொன்னது விளங்காமல் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேனே என்று தங்கராசா இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்வான். அவர்கள் இருவரும் வாவிப்பக்கம் ஓடித் தப்பினார்கள். வீடு நின்றது. ஆனால் கடைக்குள் இடுப்பளவு உப்புத்தண்ணீர் நின்றதில் கசெட் எல்லாம் சேறாகிப் போயின. மகளின் குரலில் ஒரு விரலளவு நாடாகூட அவர்களிடம் மிஞ்சவில்லை.

பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் பம்புகளோடு வந்து கரையோரக் கிணறுகளை இறைத்தார்கள். மேலே நிற்கிற நல்ல தண்ணீரை இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு ஏறும், மாரிமழை தானாகக் கழுவட்டும் என்று இராசாத்தி சொன்னாள். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லத் தங்கராசாவுக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் இறைத்தார்கள். கிணறு உப்பாக ஊறியது, புத்தியும் பிசகியது. நடக்கப்போவதை விட்டுவிட்டு நடந்து முடிந்ததற்கு ஏறத் தொடங்கியது. அதை நம்பி பாவா ஒரு வான் நிறைய எழுபதுகளின் பொப் பாட்டுகளை வாங்கி, இரண்டு வருடம் அவற்றை வீட்டில் அடுக்கிவைத்திருந்தார். அவர் தங்கராசாவை ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய மனைவி ஸாதியாதான், இப்படிப் பாட்டு கேட்கும் பேய்கள் காத்தான்குடியில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னா.

இரண்டு மாரி கழிந்து, 2007 தையில் தண்ணீர் இனித்தது, கிணற்றின் புத்தியும் தெளிந்தது. அதே மாதம் ஒரு மத்தியானம் இராசாத்தி, பானை கழுவிக்கொண்டிருந்தவள், அக்கரையிலிருந்து வந்த இயக்கக் கசெட்டை நினைத்துப் பார்த்தாள். அதுவும் சேறாகிப் போயிருந்தது. ஆனால் அந்தப் பாட்டு அவளுக்குப் பாடம். கிணற்றுக் கட்டில் கைவைத்துக் குனிந்து, வீதிக்குக் கேட்காத குரலில் அதைப் பாடினாள். தண்ணீர் ஐந்துக்குப் போனது, மூன்றுக்குப் போனது, பிறகு இல்லாமலே போனது. அடியில் வெள்ளை மணலும், கல்யாணமான வருடம் தவறவிட்ட வெண்கலச் செம்பும் தெரிந்தன. தங்கராசா பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான், கரடியனாற்றில் இடம்பெயர்ந்த சனம் திரும்பக் குடியேறினால் தங்கைச்சியின் வயல்வட்டைப் பக்கம் போய்விடலாம், வயலைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம், இந்த வளவையும் கிணற்றையும் விற்றுவிடலாம் என்று.

“பாட்டுத்தான் இறங்கிச்சு,” என்றாள் இராசாத்தி. “பாடினவள் இறங்கினாளெண்டு கிணறு சொல்லல்ல. வளவு அவள்ற. வித்துப்போட்டுப் போனமெண்டா, அவள் வந்து எந்தப் படலையத் தட்டுவாள்?”

இதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாதம் ஒருதரம் எடுத்தான். அவள் ஒவ்வொரு தரமும் எழுந்துபோய்ப் படலையைத் திறந்துவிட்டு வந்தாள். கிணறு சொன்னதை இரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் எந்தப் பக்கத்தாரும் அவர்களை வைத்திருக்க மாட்டார்கள். 2009 வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்தது. ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள், பலர் கதவைச் சாத்தினார்கள். இராசாத்தி பட்டியல் ஒட்டியிருந்த இடங்களுக்கெல்லாம் போய் வாசித்தாள். மகளின் பெயர் உயிரோடு இருந்தவர்கள் பட்டியலிலும் இல்லை, இல்லாதவர்கள் பட்டியலிலும் இல்லை.

ஆனி மாதம் பாவா வந்தார். யுத்தம் முடிந்தால் சனம் எதைக் கேட்கும் என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார். சீடிகளைப் போட்டுப் பார்த்தார்கள். புதுச் சினிமாவுக்கு அரை வளையம் ஏறியது, றப்புக்குக் கொஞ்சம் இறங்கியது, சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. கடைசியாக அவர் ஒரு பழைய கசெட்டை எடுத்தார். 1999இல் தன் மகள் ஹிதாயாவின் கல்யாணத்துக்கு இந்தக் கடையிலேயே பதிந்தது, பழைய சினிமாப் பாட்டுகள் திரும்ப எடுபடுமா என்று பார்க்கலாம் என்றார். எடுபடாது என்று தண்ணீர் காட்டியது. மூன்று பேரும் தேநீர் குடிக்கத் தொடங்கியதில் யாரும் கசெட்டை நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. கொஞ்சம் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பாடியது:

கல்முனைக்குப் போன பஸ் எல்லாம்
கருக்கலுக்குத் திரும்பி வரும்
வழி மறந்து போனா...

டக். தங்கராசா தண்ணீரைப் பார்த்தான். இராசாத்தி ஸ்பீக்கரைப் பார்த்தாள். தண்ணீர் பன்னிரண்டாம் வளையத்தைத் தாண்டி, கட்டுக்கு மேலால் வழிந்து, அவர்களுடைய காலை நனைத்து, பாவாவின் செருப்பில் ஒன்றைக் கத்தரிச் செடிகள் வரைக்கும் கொண்டுபோனது. இராசாத்தி அழுதாள். இரண்டு வருடமாக அழாததையும் சேர்த்து அழுதாள். பாவா ஒற்றைச் செருப்போடு நின்று, இது வகை இல்லையே, இது மிச்சமல்லவா என்று மெல்லக் கேட்டார். கிணறு வகை என்று சொன்னால் வகைதான் என்றான் தங்கராசா.

வீடு வீடாகப் போனார்கள். குருக்கள்மடத்திலும் களுதாவளையிலும் அம்பிளாந்துறையிலும் ஏறாவூரிலும் பழைய கசெட்டுகளைத் தூசு தட்டிக் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டார்கள். கடல் கொண்டுபோகாத அலுமாரிகளிலிருந்து நாற்பத்தொரு மிச்சப் பாட்டுகள் கிடைத்தன. பாவா அவற்றை ஒரு சீடியில் போட்டுக் கல்முனை ஓட்டத்து பஸ்காரர்களுக்கு முதலில் கொடுத்தார். ஐப்பசிக்குள் கரையெல்லாம் அதுதான். சடங்கு வீடானாலும் சுன்னத்து வீடானாலும் மிச்சப் பாட்டு இல்லாமல் பந்தி நடக்கவில்லை. முழுப் பாட்டுகள் நீளமாகத் தெரிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருடைய சொல் பாதியில் நின்றிருந்த காலம் அது. ‘டக்’ என்ற சத்தம் வந்ததும் சனம் திரும்பப் போடச் சொல்லும். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பாட்டுக் குழுக்கள் அதே மாதிரிப் பாதியில் நிற்கும் பாட்டுகளைச் செய்து பார்த்தன. வேண்டுமென்றே செய்து நிறுத்தியது சனத்துக்குத் தெரிந்துவிட்டது. இராசாத்தியின் கிணறோ ஒவ்வொரு தரமும் வழிந்ததில், வாவி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டவேண்டி வந்தது. அயல்வளவு ஆயிஷா உம்மா அதில் கீரை போட்டா.

2010 வைகாசியில் யசோதினி வவுனியாப் பக்கப் புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுபட்டாள். வன்னியில் வேறு பெயரில் இருந்தாள். பட்டியல்களில் அந்தப் பெயர்தான் இருந்தது. தொண்டையில் ஒரு துப்பாக்கிச் சன்னம் போய், உயிரை விட்டுவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. குருக்கள்மடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று அவளுக்கு 2005இல் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. ஆகவே அக்கரைப்பற்றில் ஒரு சிநேகிதியோடு அரிசி ஆலையில் வேலை செய்வதாக முடிவெடுத்து, மட்டக்களப்பில் பஸ் ஏறினாள். ஊர் வரும்போது பார்க்கக்கூடாது என்று ஆரையம்பதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தபோது, பஸ்ஸின் கூரை ஸ்பீக்கரிலிருந்து அவளே பாடினாள். வழி மறந்து போனா, என்று வந்து, டக் என்று நின்றது. கண்டக்டர் பஸ்லான் வழமையாகச் செய்வதுபோல, மிச்சம் யாருக்குத் தெரியும் என்று பகிடியாகக் கேட்டான். யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தப் பகிடி. மூன்றாவது சீற்றிலிருந்த பெண், துருப்பிடித்த கப்பி சுற்றுவது போன்ற குரலில் மிச்சத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அவனுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் அவளுடைய ரிக்கற்றைப் பார்த்தான். அக்கரைப்பற்று என்று இருந்தது.

“எங்க தங்கச்சி இறங்கிற?” என்று கேட்டான்.

“குருக்கள்மடம்,” என்றாள்.

படலை திறந்து கிடந்தது. இராசாத்தி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிட்ட குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து ஆளைப் பார்த்ததும் தெரிந்தது. மீன்சட்டி விழவில்லை. அவள் அதை மெதுவாகக் கீழே வைத்து, பூனை வராமல் மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் மகளைப் பிடித்தாள். பிடித்த பிறகு விடவில்லை. தங்கராசா கடையிலிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். வெகுநேரம் கழித்து இராசாத்தி மகளின் தொண்டைத் தழும்பைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

“வழி மறந்து போனா? மிச்சத்தச் சொல்லு மகள்.”

“வாசலில நான் நிப்பன்,” என்றாள் யசோதினி.

பழக்கதோசத்தில் தங்கராசா கிணற்றை எட்டிப் பார்த்தான். தண்ணீர் ஆறாம் வளையத்தில் நின்றது. இன்னொருதரம் சொல்லச் சொன்னான், மகள் சொன்னாள். ஒரு விரற்கடை ஏறவில்லை, ஒரு விரற்கடை இறங்கவில்லை. இதைப் பிறகு கேள்விப்பட்ட முகைதீன்பாவா, தேடின சாமான் கிடைத்துவிட்டது, ஆனால் இது வானில் ஏற்றுகிற சாமான் இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

மிச்சப் பாட்டுக்கும் காலம் முடிந்தது. 2012இல் கிணறு அதற்கு நான்கு வளையம் இறங்கியது. ஆறு மாதத்தில் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் வேறேதோ ஓடியது. கசெட்டுகளோடு கடையும் போய், முன்னறையில் இப்போது போனுக்கு ரீலோட் போடுகிறார்கள். வீடும் வளவும் கிணறும் யசோதினியின் பேருக்கு எழுதப்பட்டன. வழக்கப்படி தாயும் தகப்பனும் அதே வளவின் மூலையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். கோடையில் அயலார் இன்னும் அங்கேதான் தண்ணீருக்கு வருகிறார்கள். வீதியில் போகிற ஒவ்வொரு வாகனத்தின் பாட்டுக்கும் கிணறு ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால், வாளி விடுமுன் யசோதினியைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொல்வார்கள். அவள் வந்து கிணற்றுக் கட்டில் சாய்ந்து, மழை வருமா என்றோ மீன் என்ன விலை என்றோ கேட்பாள். வீதியில் எந்தப் பாட்டுப் போனாலும் அவள் பேசி முடியும் வரைக்கும் தண்ணீர் ஆறில் நிற்கும். அள்ளிக்கொண்டு போவார்கள்.